பச்சைப் புல்லே மாட்டைச் சுடும்!

உங்கள் வீட்டு மாடு முந்தாநாள் வரை நன்றாகத்தான் இருந்தது. இன்று தீனியைத் தொடவில்லை. அசை போடவில்லை. வெயிலில் கட்டினால் கயிற்றை இழுத்துக்கொண்டு நிழலுக்கு ஓடுகிறது. அடுத்த இரண்டு, மூன்று நாளில் மூக்குப் பக்கம் வெடித்து, காது தடித்து, மடியில் தோல் உரிய ஆரம்பிக்கிறது. "யாரோ வெந்நீரை ஊத்திட்டாங்க போலிருக்கே" என்பார் பக்கத்து வீட்டு அத்தை. இன்னொருவர் அம்மை என்பார். வேப்பிலை வரும், மஞ்சள் வரும்.

புண் தெரிவது தோலில். கோளாறு இருப்பதோ கல்லீரலில்!

கான்சாபுரம், வத்திராயிருப்பு பக்கத்து வாசகர்களுக்கு உண்ணிச்செடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்னந்தோப்பு வேலி ஓரத்தில், ஓடைக் கரையில், எங்கே பார்த்தாலும் சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். லாண்டானா என்பது அதன் தாவரவியல் பெயர். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800களின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது காட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அந்தப் பக்கத்து மாடுகள் சாதாரணமாக இந்த இலையில் வாய் வைக்காது. ஆனால் கோடையில் புல் காய்ந்து, வயிறும் காய்ந்தால்? அல்லது சந்தையில் வாங்கி வந்த புது மாடு, விவரம் தெரியாத கன்று என்றால்? தின்றுவிடும். பால்கோவாவுக்குப் பேர் போன ஸ்ரீவில்லிபுத்தூர் சீமையில் ஒரு கறவை மாடு படுத்தால் வீட்டு வரவு செலவே படுத்துவிடும் இல்லையா? அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

சல்லடை அல்ல, பட்டறை!

கல்லீரல் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். உடனே டீ வடிகட்டி மாதிரி ஒன்றை மனசில் நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. வடிகட்டி, தூளை மேலே நிறுத்திக்கொண்டு டீயைக் கீழே விடும். அதோடு அதன் வேலை முடிந்தது. கல்லீரல் செல்லோ, ரத்தத்தில் வரும் கழிவைத் தனக்குள் இழுத்து, அதை வேறு பொருளாக மாற்றி, பிறகு வெளியே தள்ளுகிறது.

குடலில் இருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. மனிதன், மாடு, ஆடு, நாய் எல்லோருக்கும் இதே ஏற்பாடுதான். நம் கல்லீரலின் எடை சுமார் ஒன்றரை கிலோ. நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியே ஓடுகிறது. அதில் முக்கால் பங்கு இந்தப் போர்ட்டல் சிரை கொண்டு வருவது. தின்றது நல்லதோ கெட்டதோ, ஊருக்குள் நுழையும் முன் இந்தச் சாவடியைத் தாண்டியாக வேண்டும்.

உள்ளே நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் கூஃபர் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. 1876இல் இவற்றை விவரித்த ஜெர்மன் விஞ்ஞானி கூஃபரின் பெயர்தான் இது. மில் கேட்டில் வாட்ச்மேன் நிற்பதைப் போல, ரத்தத்தோடு வரும் பாக்டீரியா, கிழண்டு போன ரத்த அணுக்கள் ஆகியவற்றை இவை அப்படியே பிடித்து விழுங்கிவிடும். ஆனால் ரத்தத்தில் கரைந்து வரும் கழிவை வாட்ச்மேனால் பிடிக்க முடியாது. அது கல்லீரல் செல்களின் பொறுப்பு.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரம் வெறும் தண்ணீரில் போகுமா? சோப்போ சீயக்காயோ வேண்டும். உடம்பிலும் பல கழிவுகள் தண்ணீரில் கரையாதவை. கல்லீரல் செல் அவற்றோடு தண்ணீரில் கரையும் துண்டு ஒன்றை ஒட்டிவிடுகிறது. சர்க்கரையில் இருந்து அதுவே தயாரிக்கும் குளுக்குரோனிக் அமிலம் அதில் முக்கியமானது. ஒட்டியதும் கழிவு கரைந்துவிடும். சில சிறுநீரகம் வழியாகச் சிறுநீரில் போகும். சில பித்தநீரில் கலந்து குடலுக்குப் போகும்.

கல்லீரல் செல்லுக்கு ரத்தத்தைப் பார்த்து ஒரு பக்கம், பித்தநீர் ஓடும் சின்ன வாய்க்காலைப் பார்த்து ஒரு பக்கம் உண்டு. ஒரு வாசலில் வாங்குகிறது, மறு வாசலில் கொடுக்கிறது. பழைய ரத்த அணுக்கள் உடைந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளும் இப்படித்தான் வெளியேறுகிறது. (கோழி சுத்தம் செய்யும்போது பச்சையாக ஒரு பை வருமே, உடைந்தால் கறி எல்லாம் கசந்து போகும்! அதுதான் பித்தப்பை. பறவைகளில் அந்தக் கழிவு பெரும்பாலும் பச்சை நிலையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் அந்தப் பச்சை.)

மறு வாசல் அடைத்துப் போனால்?

உண்ணிச்செடி அங்கேதான் கை வைக்கிறது. அதன் இலையில் லாண்டாடீன் என்ற நஞ்சு இருக்கிறது. குடலில் இருந்து போர்ட்டல் சிரை வழியாக இதுவும் கல்லீரலுக்கு வருகிறது. வந்து, பித்த வாய்க்கால்களைச் சேதப்படுத்துகிறது. பித்தநீர் ஓட்டம் குறைந்து, கடைசியில் நின்றே போகிறது. பிலிருபின் ரத்தத்திலேயே தேங்கும். கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாகும். மஞ்சள் காமாலை!

அப்படியானால் தோல் ஏன் வேகிறது? இங்கேதான் பச்சைப் புல் வருகிறது. புல்லுக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து ஃபைலோஎரித்ரின் என்ற பொருளாக மாற்றுகின்றன. இது தினமும் நடப்பது. நல்ல கல்லீரல் அதை ரத்தத்தில் இருந்து எடுத்துப் பித்தநீரில் போட்டுவிடும். மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. மறு வாசல் அடைத்தால் இந்தப் பொருள் ரத்தத்தோடு தோல் வரைக்கும் போய்விடுகிறது. அதற்கு ஒரு பொல்லாத குணம்: வெளிச்சம் பட்டால் முறுக்கேறி, பக்கத்தில் உள்ள ஆக்சிஜனைக் கிளப்பிவிட்டுத் தோல் செல்களைப் பொசுக்கும். கறுப்புத் தோலும் அடர்ந்த முடியும் ஓரளவு காப்பாற்றும். வெள்ளைத் திட்டு, மூக்கு, காது, மடி ஆகியவைதான் முதலில் மாட்டிக்கொள்ளும். ஆக, மாடு தின்ற நல்ல புல்லே அதைச் சுடுகிறது.

இந்தக் கதை முதலில் தெளிவானது 1930களில், தென்னாப்பிரிக்காவில், செம்மறி ஆடுகளிடம். மஞ்சள் காமாலை வந்து, தலை வீங்கி, ஆடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. ஃபைலோஎரித்ரின்தான் தோலைச் சுடுகிறது என்று குவின், ரிமிங்டன் என்ற ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆடுகள் மேய்ந்த செடி எது தெரியுமா? நம்ம ஊர் நெருஞ்சி! சிறுநீர்க் கடுப்புக்கு நாம் கஷாயம் வைத்துக் குடிக்கும் அதே நெருஞ்சி. மந்தை மேய்வதும் ஒரு டம்ளர் கஷாயமும் ஒன்றல்லதான். ஆனாலும் "மூலிகைதானே, என்ன செஞ்சிடப் போவுது" என்று அளவில்லாமல் குடிப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். கல்லீரலுக்கு மூலிகை, மாத்திரை என்ற பேதம் தெரியாது. எது வந்தாலும் அதே பட்டறையில்தான் போட்டாக வேண்டும்.

எல்லாப் பிராணிக்கும் ஒரே பட்டறையும் இல்லை. பூனைக்குக் குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டும் திறமை மிகக் குறைவு. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையின் உயிரைக் குடித்துவிடலாம். "பாவம், உடம்பு சுடுதே" என்று பாலில் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மாட்டுக்கு என்ன செய்யலாம்?

முதல் வேலை, நிழல். மரத்தடி போதாது, கூரைக்குள்ளேயே கட்டுங்கள். வெயிலில் நடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல், டாக்டரை வீட்டுக்கு வரவழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. உண்ணிச்செடியைத் தின்றிருக்கலாம் என்ற சந்தேகத்தையும், எந்தப் பக்கம் மேய்ந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பாதி வைத்தியம் அதில் இருக்கிறது.

பச்சைத் தீனியை நிறுத்தி வைக்கோல் போடுங்கள். பச்சையம் உள்ளே போவது குறையும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. கல்லீரல் கெட்டதும் மாட்டின் வயிறு அசையாமல் நின்றுவிடுகிறது. சாணமும் இறுகிப் போகும். தின்ற இலை உள்ளேயே கிடந்து, நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு ஏறிக்கொண்டே இருக்கும். அதை உறிஞ்சி நிறுத்தத்தான் டாக்டர் குழாய் வழியாகக் கரித்தூள் கரைசல் கொடுப்பார். அடுப்புக்கரியைக் கரைத்து நீங்களே வாயில் ஊற்ற வேண்டாம். அது வேறு கரி. தவிர, சோர்ந்து கிடக்கும் மாட்டுக்குப் புரையேறி நுரையீரலுக்குப் போனால் வினையே வேறு.

தோல் புண் ஆற வாரக் கணக்கில் ஆகும். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புண் ஆறுகிறதே என்று சீக்கிரம் வெயிலில் விடாதீர்கள், கண்ணில் மஞ்சள் முழுசாக மறைய வேண்டும். அதற்கு முன்னால் நல்ல சேதி வருவது வாயில் இருந்துதான். மாடு மறுபடி அசை போட ஆரம்பித்துவிட்டதா என்று காலையும் மாலையும் பாருங்கள்.