விறகு அடுக்குக்குக் கிழக்கே ஒரு மஞ்சள் பாத்தி

கெடாவின் பீடோங் பக்கத்து வீடுகளில் அன்றாடச் சமையல் கேஸ் தோம்புக்கு மாறிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பொங்கல் பானைக்கு, தீபாவளி முறுக்குச் சட்டிக்கு, ஆடியில் அம்மனுக்குக் கூழ் காய்ச்ச, கல்யாண வீட்டுப் பெரிய அண்டாவுக்கு விறகுதான் வேண்டும். அதனால் தோட்டத்து வீடானாலும் தாமான் வீடானாலும், கொல்லையில் கொஞ்சம் இடம் இருந்தால் ஒரு விறகுக் குவியலைப் பார்க்கலாம். பெரும்பாலும் அது வீட்டிலேயே கவனிப்பாரற்ற மூலை. சுற்றிலும் லாலாங் புல், அடியில் கரையான், மேலே கிழிந்த கித்தான். அந்த மூலையை நிழல் விரும்பும் செடிகளுக்கு ஒதுக்கினால் விறகும் ஒழுங்காகக் காயும், சமையலுக்கு இலையும் கிழங்கும் கிடைக்கும்.

இதைத் துணிந்து சொல்லக் காரணம், கெடாவின் பருவநிலை. இங்கே ஆண்டின் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வறட்சி. பால்மரம் இலை உதிர்ப்பதும் அப்போதுதான். விறகு பிளந்து காயவைக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஏப்ரலில் மழை பிடித்ததும் மஞ்சள் நடலாம். அது எட்டு ஒன்பது மாதப் பயிர். மழைக்காலம் முழுக்க அடுக்கு உயரமாக நின்று பிற்பகல் நிழலைக் கொடுக்கும். தீபாவளிக்குப் பாதி குறையும். தை பிறக்கும்போது விறகும் தீரும், மஞ்சளும் முற்றும். கொத்தோடு பிடுங்கிப் பொங்கல் பானையில் கட்டலாம். அதன்பின் பாத்தி வெறுமையாகக் கிடக்கும் வாரங்களில் புது விறகு வந்து இறங்கும். லாரி நின்றாலும், கட்டைகளை உருட்டினாலும், நாலு பேர் நடந்தாலும் மிதிபட அங்கே செடி இருக்காது. செடிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வரிசையைக் குலைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இடமும் திசையும்

வீட்டுச் சுவரோடு ஒட்டி விறகை அடுக்கவே கூடாது. கரையான் கட்டையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து கதவு நிலைக்கும் போய்விடும். குறைந்தது 10 அடி தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டில் இடம் பாருங்கள்.

அடுக்கின் நீளம் வடக்குத் தெற்காக இருக்கட்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது. பொங்கல் சமயத்தில் சற்றுத் தெற்கே, ஜூனில் சற்று வடக்கே சாயும். வடக்கு, தெற்குப் பக்கங்களில் ஆண்டு முழுதும் நிலையான நிழலை எதிர்பார்க்க முடியாது. கிழக்குப் பக்கம் அப்படியல்ல. காலை இளவெயில் விழும், பிற்பகலில் அடுக்கின் நிழல் நீளும். செடிகள் அந்தப் பக்கம். மேற்கை முழுக்கத் திறந்து விடுங்கள். பிற்பகல் வெயில்தான் விறகைக் காயவைக்கிறது. அதை மறைத்து வாழையோ பாண்டானோ வைத்தால் கட்டை பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போகும்.

அடுக்கும் முறை

தரையில் சிமெண்டுக் கற்களை வைத்து, அவற்றின் மேல் இரும்புக் குழாய் அல்லது பழைய கம்பி போடுங்கள். தரைக்கும் முதல் கட்டைக்கும் நடுவே அரை அடி இடைவெளி வேண்டும். விளக்குமாறு நுழைந்து கூட்டும் அளவு இருந்தால் பாம்பு, தேள் தங்காது, கரையான் மண்கோடு ஏறினாலும் கண்ணில் படும். 8 அடி நீளம், 4 அடி உயரம் ஒரு குடும்பத்துக்கும் அதன் விசேஷங்களுக்கும் போதும். நெஞ்சுக்கு மேல் அடுக்காதீர்கள். பிள்ளைகள் இழுத்தால் சரியும்.

எந்த மரம் என்ற கேள்விக்கு இந்த ஊரில் முதல் பதில் பால்மரம்தான். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் வெட்டியபின் மறுநடவுக்காகச் சாய்க்கும் மரங்கள் தலைமுறைகளாக லயத்து அடுப்புகளை எரித்திருக்கின்றன. இப்போது பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டதால் அது முன்போல எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தால், தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: பால்மரக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். ஈரத்தோடு முழுக்கட்டையாகப் போட்டால் சில நாளிலேயே நீலம் பாயும், பிறகு வண்டு துளைத்து மாவாக உதிரும். வந்த வாரமே பிளந்துவிட வேண்டும். மணிக்கட்டுப் பருமனில் சிலாம்புகள், கொஞ்சம் கைப்பருமனிலும். ஓராண்டுக்குமேல் சேமிக்கவும் கூடாது. பழையது முன்னால், புதியது பின்னால் என்று அடுக்கினால் கைக்கு வருவது எப்போதும் காய்ந்ததாக இருக்கும். காய்ந்த சிலாம்புகளில் இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்கும், முனைகளில் வெடிப்பு தெரியும்.

ரம்புத்தான், மா, புளியங்கிளைகளும் நல்ல விறகு. அரளியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், அது முழுக்க விஷம். ரெங்காஸ் மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும், புகையும் ஆகாது. சாயம் பூசிய பலகையும் மருந்தடித்த கட்டையும் சமையலுக்கு வேண்டாம்.

மேலே தகரக் கூரை. கித்தானைச் சுற்றி மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டை அழுகும், மடிப்புகளில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப்புழு கண்டால் அபராதம் உண்டு. ஆனால் அபராதத்தைவிட டிங்கிதான் பெரிய பயம். தகரத்தைக் கிழக்கே சாய்த்து, விளிம்பு அடுக்கைத் தாண்டி 2 அடி நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்துங்கள். மழைநீர் பாத்திக்குப் போகும், விறகில் தெறிக்காது.

பாத்தி

அடுக்குக்கும் முதல் செடிக்கும் நடுவே 2 அடி நடைபாதை கட்டாயம். காற்று ஓடவும், நாம் நடக்கவும், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் அந்த இடம் வேண்டும். அதில் எதுவும் நடாமல் சரளைக்கல் போட்டுவிடுங்கள்.

தகரத்தின் நீர் சொட்டும் கோட்டில் முதல் வரிசையாகப் பாண்டான். ஈரத்தைத் தாங்கும், நிழலில் இலை நீளமாகவும் கரும்பச்சையாகவும் வரும். தாய்ச்செடியின் பக்கத்தில் விழுதோடு இருக்கும் கன்றைப் பிரித்து 2 அடிக்கு ஒன்று நடுங்கள். மஞ்சளைப் போல இதை ஆண்டுதோறும் பிடுங்குவதில்லை, நிலையாக நிற்கும். விறகு வரும் நாளில் மேற்குப் பக்கமாக இறக்கினால் இதற்கும் சேதம் இல்லை.

பாண்டானுக்கு அப்பால் 3 அடி அகலத்தில் மஞ்சள் மேடு. இந்த வட்டாரத்தின் செம்மண் பல இடங்களில் சரளை கலந்து இறுகிக் கிடக்கும். செமிலிங் வழியில் சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்குலைகள் தோண்டியெடுக்கப்பட்டதை அறிந்திருப்பீர்கள். அந்த இரும்புக்கல் மண்ணில் கிழங்கு தானாக இறங்காது. சாங்கோலால் ஓரடி கொத்தி, மக்கிய எருவும் காய்ந்த இலையும் கலந்து, முக்கால் அடி உயரத்துக்கு மேடாக்குங்கள். மேடு இல்லாமல் நட்டால் அக்டோபர் மழையில் கிழங்கு அழுகிவிடும்.

இரண்டு முளைக்கண் உள்ள விரலிமஞ்சளை எடுத்து, ஓரடிக்கு ஒன்றாக, 2 அங்குல ஆழத்தில், கண் மேலே பார்க்க வையுங்கள். மேலே வைக்கோலோ அறுத்த புல்லோ பரப்பலாம். விறகுத் தூளையும் பட்டையையும் பரப்பாதீர்கள், கரையானுக்கு அது அழைப்பு. இரண்டாம் மாதமும் நான்காம் மாதமும் எரு போட்டு மண் அணைத்தால் போதும். இலையை மீன் சுடவும் ரெண்டாங்குக்கும் அவ்வப்போது பறிக்கலாம், ஆனால் ஒரு செடியில் ஓரிரண்டுக்குமேல் வேண்டாம், கிழங்கு சிறுத்துவிடும். முழு இருட்டான நிழலில் மஞ்சள் இலையாகவே போய்விடும். காலை வெயில் மூன்று மணி நேரமாவது விழ வேண்டும்.

இஞ்சியும் இதே முறையில் வரும். ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுதோறும் இஞ்சி போட்டால் அழுகல் நோய் தங்கிவிடும். மேட்டின் ஒரு கோடியில் மட்டும் போட்டு, அடுத்த ஆண்டு இடம் மாற்றுங்கள்.

கடைசி விளிம்பில் தாழ்ந்த செடிகள். மலாய்க்காரர்கள் செக்கூர் என்று சொல்லும் கச்சோலம் தரையோடு ஒட்டி வளரும். வறட்சியில் அதுவும் இலை உதிர்த்து மண்ணுக்குள் உறங்கும், ஆகவே மஞ்சளோடு ஒத்துப்போகும். அதை ஒட்டி வல்லாரை. வெற்றிலை வேண்டுமென்றால் தனிக்கம்பம் நட்டு ஏற்றுங்கள். விறகின் மேல் எந்தக் கொடியையும் படரவிடக் கூடாது.

பராமரிப்பு

வாரத்துக்கு ஒருமுறை நடைபாதையைக் கூட்டுங்கள். விறகு எடுக்கும்போது காலில் காலணி, கையில் தடித்த உறை, முதலில் கம்பால் தட்டுதல். இருட்டில் கையை விடாதீர்கள். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் 999 அழையுங்கள், ஆள் வந்து பிடித்துப் போவார்கள்.

அடுப்புச் சாம்பலை வீணாக்க வேண்டாம். நம் மண் புளிப்பு மிகுந்தது. சுத்தமான விறகுச் சாம்பல் அதைத் தணிக்கும், கிழங்குக்கு வேண்டிய சாம்பல் சத்தையும் தரும். ஒரு சதுர அடிக்கு ஒரு கைப்பிடிக்கும் குறைவாக, நன்றாக ஆறியபின், மண்ணோடு கலந்து போடுங்கள்.

பொங்கலுக்கு வேண்டிய கொத்துகளைப் பச்சை இலையோடு எடுத்தபின் மற்றவற்றை இலை காயும்வரை விட்டு, பிப்ரவரிக்குள் தோண்டிவிடுங்கள். நோயில்லாத பருத்த கிழங்குகளை விதைக்கென்று ஒதுக்கி, நிழலில், உலர்ந்த மணலில் மூடி ஏப்ரல்வரை வையுங்கள். விதை மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கும் கோயில் கொல்லைக்கும் கொடுங்கள். அங்கேயும் ஒரு விறகு அடுக்கு வெறுமனே நிற்கும்.