தேக்சாவின் மேல் நேரத்தை எழுது

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாண மண்டபங்களில் மீந்த சாப்பாட்டை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொடுக்கும் வேலையைப் பற்றி, அயனம்பாக்கத்திலிருந்து நீ அனுப்பிய ஆண்டறிக்கையைப் படித்தேன். 2022-ல் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியது என்ற ஐ.நா. கணக்கெல்லாம் உனக்கே தெரியும். என்னைக் கோபப்படுத்தியது ஒரே வரி: 'மதியம் மீந்த சாதத்தை இரவில் நன்றாகச் சுடவைத்து வழங்கினோம்.'

மதியத்திலிருந்து இரவு வரை அந்தச் சாதம் எங்கே இருந்தது, தம்பி? அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் உலையில் சாவதில்லை. மூடிய தேக்சாவில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாதம் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கவேண்டும். பசியோடு வருகிறவர் முகர்ந்து பார்த்து ஒதுக்கமாட்டார். அவருக்காக நாம்தான் பார்க்கவேண்டும். இறக்கிய நேரத்தைச் சாக்பீஸால் தேக்சாவின் மேலேயே எழுதச் சொல். எழுதாத மண்டபத்தில் எடுக்காதே, கல்யாண வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் சரி.

தெருமுனையில் ஃபிரிட்ஜ் வைக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். பெசன்ட் நகரில் 2017-ல் டாக்டர் ஈசா ஃபாத்திமா ஜாஸ்மின் வைத்த 'அய்யமிட்டு உண்' ஃபிரிட்ஜ் நல்ல காரியம். ஆனால் அது வீட்டில் மீந்த டப்பாச் சாப்பாட்டுக்கு. கல்யாணச் சாம்பாரைச் சூடாக உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் தயிரும் கெடும். மண்டபத்துச் சாப்பாட்டுக்கு வண்டியும் வேகமும்தான் வேண்டும். கோவையில் 2014-ல் பத்மநாபன் கோபாலன் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' பிள்ளைகளைப் போய்ப் பார்.

மீந்தபின் எடுக்க ஓடுவதைவிட, மீறாமல் சமைப்பது மேல். நான் சமையல் வேலை பழகிய மாஸ்டர் முழு அரிசியையும் ஒரேயடியாக உலையில் போடமாட்டார். முதல் பந்தி எழுந்ததும் பரிமாறியவர்களைக் கூப்பிட்டு, இலையில் எது மீந்தது என்று கேட்பார். அதன் பிறகுதான் அடுத்த உலைக்கு அரிசி களைவார்கள். பாயசம் குறைகிறதென்றால் அப்போதே பால் காயும். சொன்ன இலையைவிடக் கூட்டம் கூடினாலும் ஈடுகொடுப்பார், குறைந்தாலும் மிச்சம் அதிகமிருக்காது. இப்போது விடியற்காலையிலேயே எங்கோ சமைத்து, வேனில் ஏற்றி, இலைக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார்கள். வந்த இலை குறைந்தாலும் பணம் குறைவதில்லை. அதனால் குறைத்துச் சமைக்க யாருக்கும் அக்கறையில்லை. நீ முதலில் போய்ப் பேசவேண்டியது இந்தச் சமையல் காண்ட்ராக்டர்களிடம். வானகரம் பூந்தமல்லி நெடுஞ்சாலை முழுக்க மண்டபங்கள்தானே, உனக்குப் பக்கம்.

ஊரடங்கில் வேலை போய், அம்மா உணவகத்து வரிசையில் நின்றதை நீ அறிக்கையில் எழுதிய பக்கம் அபாரம். இட்லியை நீட்டிய அம்மா உன் முகத்தைப் பார்க்காமல் தட்டை மட்டும் பார்த்தார், அதில்தான் உன் மானம் பிழைத்தது என்கிறாயே, இதுபோல ஒருவர் எழுதி நான் படித்ததில்லை. அப்படி எழுதியவன், பொட்டலம் வாங்கும் பாட்டியின் முகத்தை அறிக்கையின் அட்டையில் போடலாமா? அந்தப் படத்தை எடுத்துவிடு.

அடுத்த முகூர்த்தத்துக்குள் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு. தேக்சாவின் நடுவில் மட்டும் வைத்துப் பார்க்காதே, ஓரம் சீக்கிரம் ஆறிவிடும்.

அன்புடன்,
உன் அண்ணன்