பிரேக்அவுட் ரூமில் பேச்சு வர என்ன செய்யலாம்?

இணையவழி வகுப்பில் குழுவேலை கொடுக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: "ரூமுக்குள்ளே போனா யாருமே பேசுறதில்லை." எட்டிப் பார்த்தால் நான்கு கறுப்புக் கட்டங்கள். "ஹலோ, கேக்குதா?" என்று ஒரு குரல். "கேக்குது... என்ன செய்யணும்னு சொன்னாங்க?" என்று இன்னொரு குரல். சற்று நேரம் கழித்து மூன்றாவது குரல்: "நீயே எழுதிடேன், நாங்க ஓகே சொல்லிடுறோம்."

இதைக் கேட்டுவிட்டு மாணவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அது அவசர முடிவு. முதல் கேள்வி கருவியின் தடுமாற்றம். இரண்டாவது, நாம் சொன்ன குறிப்பு அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, வேலையையே ஒருவர் தனியாக முடித்துவிடலாம் என்பதைக் காட்டுகிறது. மூன்றுமே ஆசிரியர் ரூமைத் திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை.

பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மான், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்தது. 8 பேர் சேர்ந்தபோது ஒருவரின் பங்கு, அவர் தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். 1979இல் அமெரிக்க உளவியலாளர் பிப் லட்டானேயும் சகாக்களும் கைதட்டவும் கத்தவும் வைத்துச் சோதித்து, இந்த இழப்புக்கு இரண்டு வேர்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவரோடு ஒருவர் ஒத்திசைய முடியாமல் வீணாவது ஒன்று. நம் உழைப்பு தனியாகத் தெரியப்போவதில்லை என்று தளர்ந்துவிடுவது மற்றொன்று.

நேரில் உட்கார்ந்திருக்கும் குழு, கண்ணாலேயே யார் அடுத்துப் பேசுவது என்று தீர்த்துக்கொள்ளும். ஆன்லைனில் குரல் ஒரு நொடி தாமதித்து வருகிறது, இரண்டு மைக் மோதுகின்றன, இருவரும் "நீங்க சொல்லுங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அங்கே நாம் சோம்பல் என்று நினைப்பதில் பெரும்பங்கு, யார் எப்போது பேசுவது என்று தெரியாத தவிப்புதான் என்று நினைக்கிறேன். இரண்டு வேரையும் சேர்த்து வெட்டக்கூடிய ஒரே இடம், நாம் கொடுக்கும் கேள்வி.

பொருளாதார வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். "இலவச மின்சாரம் பற்றி விவாதியுங்கள்" என்று அனுப்பினால், ஒருவர் கூகுளில் தேடி நாலு வரி ஒட்டிவிடுவார். அதையே இப்படி மாற்றிப் பாருங்கள். முந்தைய நாளே வாட்ஸ்அப் குரூப்பில், ஒவ்வொருவரும் ஒரு ஈ.பி. பில்லிலிருந்து யூனிட், தொகை, அந்த வீட்டில் எத்தனை பேர் என்ற மூன்று எண்களைக் குறித்துவரச் சொல்லுங்கள். ரூமில் நான்கு வரி கொண்ட அட்டவணை இருக்கும். அதை நிரப்பிய பிறகு ஒரே முடிவு எடுக்க வேண்டும்: 100 யூனிட் வரம்பு எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டுமா, ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாற வேண்டுமா? ஒன்றைத் தேர்ந்து, அட்டவணையிலிருந்தே இரண்டு காரணம் எழுத வேண்டும்.

இப்போது யாரும் "நீயே எழுதிடேன்" என்று சொல்ல முடியாது. அட்டவணையின் ஒரு வரி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அவர் வாய் திறந்தால்தான் அது நிரம்பும். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய 'ஜிக்சா' முறையின் அடிப்படை இதுதான்: பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பது. வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்காரவைக்கப்பட்டு, உரசல் மிகுந்திருந்த காலம் அது. அடுத்தவரிடம் இருக்கும் துண்டு இல்லாமல் பாடம் முழுமையாகாது என்றானபோது, அவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டு பில்லைப் பலர்முன் சொல்வது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். "பக்கத்து வீடு, உறவினர் வீடு, எதுவானாலும் சரி, யாருடையது என்று சொல்ல வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கும் இது வழிவிடும்.

குழுவுக்கு நான்கு பேர் என்பது என் கணக்கு. இரண்டிரண்டாகப் பிரித்தால், ஒருவருக்கு நெட்வொர்க் போனதும் மற்றவர் தனியாக உட்கார்ந்திருப்பார். ஆறு பேர் என்றால் இருவர் கேட்பவர்களாகவே இருந்துவிடுவார்கள். நான்கில் ஒருவர் கழன்றாலும் வேலை நடக்கும். கழன்றவரின் எண்களை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஜூமை விட்டுத் தானாகக் கலைத்துப் பிரிக்கச் சொல்வது ஆசிரியருக்குச் சுலபம், மாணவருக்குச் சங்கடம். முகம் தெரியாத மூன்று பேரோடு தயக்கம் விடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஒரு மாதமாவது அதே குழு இருக்கட்டும். மின்னஞ்சல் வைத்து முன்கூட்டியே ஒதுக்கும் வசதி ஜூமில் உண்டு என்றாலும், மாணவர் அந்த மின்னஞ்சலில் லாக்-இன் செய்து வந்தால்தான் அது வேலை செய்யும். வெறும் லிங்க்கைத் தட்டி போனில் நுழைபவர் விடுபட்டுப்போவார். அதைவிட, உள்ளே வரும்போதே "3 - மீனா" என்று பெயருக்கு முன் குழு எண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, பங்கேற்பாளர்களே ரூமைத் தேர்ந்துகொள்ளும் முறையில் திறந்துவிடுங்கள். அவரவர் எண்ணுள்ள ரூமுக்கு அவரவரே போய்விடுவார்கள். பழைய ஆப் வைத்திருக்கும் ஓரிருவரை மட்டும் நீங்கள் அனுப்பினால் போதும்.

"என்ன செய்யணும்னு சொன்னாங்க?" என்ற கேள்விக்கு வருகிறேன். வாயால் சொன்னது மறந்துபோகும். ரூம்களுக்குப் பொதுவாக அனுப்பும் அறிவிப்பு திரையில் சில நொடி நின்று மறைந்துவிடும். அதனால் ஒரே ஒரு கூகுள் ஸ்லைட்ஸ் கோப்பு திறந்து, குழுவுக்கு ஒரு ஸ்லைடு ஒதுக்கி, ஒவ்வொரு ஸ்லைடின் தலையிலும் கேள்வியையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். கீழே அந்த அட்டவணை. லிங்க் வாட்ஸ்அப்பில் முன்பே போயிருக்க வேண்டும். பெரும்பாலோர் போனில்தான் இருப்பார்கள். போனில் மீட்டிங்கையும் கோப்பையும் ஒருசேரப் பார்ப்பது கஷ்டம். ஆகவே லேப்டாப் உள்ளவர் ஒருவர் எழுதட்டும், மற்றவர்கள் சொல்லட்டும். இதில் உங்களுக்கும் ஒரு பயன் உண்டு. எல்லா ஸ்லைடும் இடப்பக்கம் சின்னச் சின்னதாகத் தெரியும். 5 நிமிடம் ஆகியும் எது வெறுமையாக இருக்கிறதோ, முதலில் அந்த ரூமுக்குப் போங்கள்.

உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. "நான் வந்தா பேச்சை நிறுத்தாதீங்க, கேட்டுட்டுப் போயிடுவேன்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவைத்து, அதன்படி நடந்துகொள்ளுங்கள். திணறும் குழுவிடம் விடையைச் சொல்லாமல், "இதுவரைக்கும் எதை முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டால் போதும். தமிழில் பேசி ஆங்கிலத்தில் எழுதினால் அப்படியே விடுங்கள். யோசிப்பது எந்த மொழியில் வருகிறதோ அதில்தான் வாதமும் சூடாக வரும்.

மைக் விஷயத்தில் நாம் நிறையப் பொறுமை காட்ட வேண்டியிருக்கிறது. ஒரே அறையில் டிவி ஓடிக்கொண்டிருக்க, தம்பி பக்கத்தில் படிக்க, அம்மா சமையலுக்குக் கூப்பிட, ஒரு பெண் போனை மடியில் வைத்து வகுப்பு கேட்கிறாள். அவள் மைக்கைத் திறக்காததற்குக் காரணம் பாடத்தில் இல்லை. சாட்டில் தட்டச்சு செய்வதும் பேசியதாகவே கணக்கு என்பதை விதியாக்குங்கள். குழுவில் ஒருவருக்கு, சாட்டில் வருவதைச் சத்தமாகப் படித்துக்காட்டும் பொறுப்பைக் கொடுங்கள். முதல் 2 நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் எண்களையும் கருத்தையும் தனியாக எழுதட்டும். அதன் பிறகு பெயரின் அகரவரிசையில் ஒவ்வொருவராகச் சொல்லட்டும். வரிசை தெரிந்துவிட்டால் "நீங்க சொல்லுங்க" தீர்ந்தது. கேமராவைக் கட்டாயமாக்குவதை நான் ஆதரிப்பதில்லை. வீட்டைக் காட்ட விரும்பாதவரின் விருப்பத்தை மதிக்க வேண்டும், டேட்டாவும் மிச்சம்.

இந்த அளவு வேலைக்கு 12 நிமிடம் சரியாக வரும். முடிய 3 நிமிடம் இருக்கையில் ஒரு அறிவிப்பு அனுப்புங்கள்.

திரும்பி வந்தபின் 10 குழுவும் வரிசையாக வாசித்தால் அரைமணி நேரம் போய்விடும். நான்காவது குழுவுக்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள். எல்லோரும் 2 நிமிடம் மற்ற ஸ்லைடுகளைப் புரட்டிப் பார்க்கட்டும். நேரெதிர் முடிவெடுத்த இரண்டு குழுக்களை நீங்கள் தேர்ந்து, ஒன்றை மற்றொன்றிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்பவர் யார் என்பதை அந்த நேரத்தில் நீங்கள் சொல்லுங்கள். யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தால் குழு முழுவதும் விஷயத்தைப் புரிந்துகொண்டுதான் வெளியே வரும். மைக் இல்லாதவர் சாட்டில் பதில் எழுதட்டும், காத்திருங்கள்.

மதிப்பெண்ணைக் குழுவுக்கு மொத்தமாகப் போடாதீர்கள்; உழைத்தவருக்கு அது அநியாயம். வகுப்பு முடிந்ததும், "உங்கள் குழுவின் முடிவில் நீங்கள் ஏற்காத ஒன்றைச் சொல்லி, ஏன் என்று மூன்று வரி எழுதுங்கள்" என்று தனித்தனியாகக் கேட்டு அதற்கு மதிப்பெண் கொடுங்கள். ரூமில் இல்லாதவரால் அதை எழுத முடியாது.

ஜூம் கிளவுட் ரெக்கார்டிங்கில் பிரதான அறை மட்டுமே பதிவாகும், ரூம்களுக்குள் பேசியது வராது. கரண்ட் போய்ப் பாதியில் விடுபட்டவருக்கு அந்த ஸ்லைடு கோப்புதான் வகுப்பு. அதை அழிக்காமல், வீடியோ லிங்க்கோடு சேர்த்தே குரூப்பில் அனுப்பிவையுங்கள். தன் வரியை அவர் பிறகு நிரப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.