பலசரக்குச் செலவில் செட்டு
(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

குடியானவரின் கடன் என்றதும் கலியாணக் கடனும் மாட்டுக் கடனும் நிலத்தின் மேல் வாங்கிய கடனுமே நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்குப் பத்திரம் உண்டு, சாட்சி உண்டு, வட்டி இவ்வளவென்று எழுத்திலும் உண்டு. பத்திரமும் சாட்சியும் இன்றி, வட்டி என்ற பெயரும் இன்றி, அடுப்பங்கரையில் நாள்தோறும் வளரும் கடன் ஒன்றுண்டு. அதுவே பலசரக்குக் கடையின் பற்றுக் கணக்கு.

செட்டு என்றால் வயிற்றைச் சுருக்குவது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உழைக்கும் குடும்பத்துக்குப் பருப்பும் எண்ணெயும் குறைவது நஷ்டமே. உண்ணும் பொருளைக் குறைக்காமல், வாங்கும் முறையைத் திருத்துவதே இப்பாடத்தில் கூறப்படும் செட்டு ஆகும்.

1. கடனுக்கு வாங்குவதன் உண்மை விலை

மாதம் 8 ரூபாய் ரொக்க விலையுள்ள சாமான் வாங்கும் குடும்பம் ஒன்றை உதாரணமாகக் கொள்க. 1957-ம் வருஷம் வரையில் வழங்கிய பழைய நாணய முறையில் கணக்கிட்டால் விஷயம் எளிதில் விளங்கும். அம்முறையில் ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 பை.

ரொக்கத்துக்கு ஒரு ரூபாய் பெறும் சாமானைக் கடைக்காரர் கடனுக்கு ஒரு ரூபாய் இரண்டணா என்று எழுதிக் கொள்கிறார். மாதக் கடைசியில் குடும்பம் 9 ரூபாய் செலுத்துகிறது. ‘ஒரு ரூபாய்தானே அதிகம்’ என்று தோன்றும். வருஷத்துக்கு அது 12 ரூபாய். இதற்காகக் கடைக்காரர் விட்டுவைத்த முதல் எவ்வளவு? எந்த நாளிலும் 8 ரூபாய்ச் சாமானுக்கு மேல் இல்லை. எட்டு ரூபாய் முதலுக்கு வருஷம் பன்னிரண்டு ரூபாய்! இவ்வளவு வட்டிக்குப் பத்திரம் எழுதச் சொன்னால் ஒருவரும் கையெழுத்திடமாட்டார். பருப்பின் விலையோடும் உப்பின் விலையோடும் கலந்து வருவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அக்குடும்பம் கடைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு, சங்கத்தில் 8 ரூபாய் கடன் பெற்று அடுத்த மாதச் சாமானை ரொக்கத்துக்கு வாங்குவதாகக் கொள்க. வட்டி ரூபாய்க்கு மாதம் ஒரு பை. அதாவது வருஷத்துக்கு 6¼ சதவிகிதம். கடையில் மிஞ்சும் ஒரு ரூபாயை மாதந்தோறும் அசலில் கட்டினால் எட்டு மாதத்தில் கடன் தீரும். வட்டி முதல் மாதம் 8 பை, அடுத்த மாதம் 7 பை எனக் குறைந்து, கடைசி மாதம் ஒரு பையாகும். ஆக மொத்தம் 36 பை, மூன்றே அணா. அதன்பின் வருஷம் 12 ரூபாயும் குடும்பத்துக்கே மிச்சம்.

இதில் கடைக்காரரை மட்டும் நிந்திப்பது நியாயமன்று. அவரும் மொத்த மண்டியில் வட்டி கொடுக்கிறார். சிலர் பாக்கியைத் தருவதேயில்லை. அந்த நஷ்டத்தையெல்லாம் அவர் விலையில் ஏற்றுகிறார். எனவே, ஒழுங்காகப் பணம் கட்டும் குடும்பமே, கட்டாதவர் கடனையும் சேர்த்துச் சுமக்கிறது.

2. சில்லறையின் நஷ்டம்

விளக்கு வைக்கும் வேளையில் குழந்தையின் கையில் கிண்ணத்தைக் கொடுத்து எண்ணெய்க்கு அனுப்புவது பல வீடுகளில் வழக்கம். மறுநாள் ஒரு பலம் புளி. அதற்கு மறுநாள் மிளகாய். குழந்தைக்குக் கொசுறாகக் கிடைக்கும் வெல்லத்துண்டின் விலையும் அப்புளியின் விலையிலேயே அடங்கியிருக்கிறது.

40 பலம் கொண்ட பழைய வீசைக் கணக்கில் பார்க்கலாம். புளி வீசை ஐந்தணா, அதாவது 60 பை என்றால், பலத்துக்கு ஒன்றரைப் பை விழும். சில்லறையில் பலம் இரண்டு பைக்கு விற்றால், நாற்பது முறை வாங்கும் குடும்பம் 80 பை கொடுக்கிறது. ஒரே முறையில் வாங்கியவர் 60 பை கொடுத்த பொருளுக்கு இவர் கொடுத்தது மூன்றில் ஒரு பங்கு அதிகம். நாணயமும் நிறையும் மாறினாலும் இக்கணக்கு மாறுவதில்லை. சிறு பொட்டலத்துக்கு விலை என்றும் அதிகமே.

3. பருவமறிந்து வாங்குதல்

பெரும்பாலும் துவரை தை மாசியிலும், புளியும் மிளகாயும் மாசி பங்குனியிலும் புதிதாக வரும். அப்பொழுது வாங்குவோருக்கு விலை நயமாயிருக்கும். ஆடி ஆவணியில் வாங்குவோர், இடையில் சேமித்து வைத்தவருக்குக் கூலி கொடுத்தே வாங்கவேண்டும்.

கடைக் கடனின் பெருந்தீங்கு இங்கேதான் வெளிப்படுகிறது. பாக்கிக்காகத் தன் சொந்தத் துவரையைக் களத்திலேயே கடைக்காரருக்கு அளந்துவிடும் குடியானவர், ஆறு மாதம் கழித்து அதையே பருப்பாக, அதிக விலைக்கு, மறுபடியும் கடனுக்கு வாங்குகிறார். விளைவித்தவர் அவரே, விற்கும்போதும் நஷ்டம், வாங்கும்போதும் நஷ்டம். ஆகையால் விளைச்சலில் வீட்டுத் தேவைக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே மற்றதை விற்க வேண்டும்.

சேமிக்கும் முறை வீட்டுப் பெண்மக்கள் அறிந்ததே. துவரையைச் செம்மண் கட்டி உலர்த்துதல், புளியை ஓடும் கொட்டையும் நீக்கி உப்பிட்டுச் சாடியில் அடைத்தல், மிளகாயைச் சலசலவென்று ஓசை கேட்கும்வரை காயவைத்தல் ஆகியவற்றைக் கைவிடலாகாது. ஈரத்தோடு வைத்த மிளகாய் பூஞ்சணம் பூத்து வீணாகும். எண்ணெயை மட்டும் அதிக நாள் வைத்தல் கூடாது. சிக்கு வாடை பிடிக்கும்.

4. அளவும் சுத்தமும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கடனாளி தராசைப் பார்த்துப் பேச அஞ்சுகிறார்; ‘பாக்கியை வை’ என்ற சொல் வருமோ என்ற பயம். கல் கலந்த பருப்பையும், பப்பாளி விதை கலந்த மிளகையும் அவர் வாய் பேசாமல் வாங்கிச் செல்கிறார். கடுகில் பிரமதண்டு விதை கலப்பதோ உயிருக்கே ஆபத்து. அவ்வெண்ணெயை உண்டவருக்குக் கால் வீங்கும், இருதயம் கெடும். ரொக்கம் கொடுப்பவருக்கே நிறையையும் சுத்தத்தையும் கேட்கும் தைரியம் உண்டாகிறது.

5. சங்கம் செய்யக்கூடியது

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலிய 28 தொழிலாளர், ஆளுக்கு ஒரு பவுனாக 28 பவுன் சேர்த்து, 1844-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி ஒரு கடை திறந்தனர். அன்று அவர்கள் விற்றவை மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களே. சுத்தமான சரக்கு, சரியான நிறை, ரொக்க விற்பனை, கடைத்தெரு விலை, வாங்கிய அளவுக்குத் தக்க லாப ஈவு ஆகியவையே அவர்களுடைய விதிகள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ம் வருஷம் தோன்றிய ஐக்கிய பண்டகசாலை நம் நாட்டில் இவ்வழியைக் காட்டிய முன்னோடிகளுள் ஒன்று.

கடைத்தெரு விலைக்கே விற்றால் சங்கம் எதற்கு என்று சிலர் கேட்பர். தொடக்கத்திலேயே விலையைக் குறைத்து விற்கும் பண்டகசாலைக்கு வாடகை, சேதாரம், கூலி ஆகியவற்றுக்குக் கையில் ஒன்றும் நில்லாது. சந்தை விலைக்கு விற்றால், மிகுந்த லாபம் வருஷ முடிவில் வாங்கியவருக்கே ஒரு தொகையாகத் திரும்பும். தினம் ஒரு பையாக மிச்சமானால் அது தினமும் செலவாகும்; தொகையாக வந்தால் சேமிப்பு ஆகும்.

சிறு கிராமத்தில் கடை திறக்கவேண்டும் என்பதில்லை. இருபது குடும்பங்கள் தத்தம் மாதத் தேவையைப் பட்டியல் எழுதி, பணத்தை முன்னதாகவே சங்கத்தில் கட்டட்டும். இரண்டு அங்கத்தினர் மொத்த மண்டிக்குச் சென்று மூட்டையாக வாங்கி வரட்டும். சாவடியில் எல்லார் முன்னிலையிலும் ரசீதைப் படித்து, வண்டிச் சத்தத்தை நிறைப்படி பிரித்து, சரக்கை நிறுத்துக் கொடுக்கட்டும். தேங்கும் சரக்கில்லை, வாடகையில்லை, கடன் பாக்கியும் இல்லை.

6. எச்சரிக்கை

பண்டகசாலைகளைக் கெடுப்பவை மூன்று: கடன் விற்பனை, தணிக்கையில்லாத கணக்கு, அங்கத்தினரின் பற்றின்மை. இவற்றுள் மூன்றாவது பெரிது. யுத்த காலத்தில், 1942-ம் வருஷத்துக்குப் பின், சாமான் தட்டுப்பாட்டினால் சென்னை மாகாணத்தில் பண்டகசாலைகள் பல்கின. கட்டுப்பாடு நீங்கிச் சரக்கு தாராளமாகக் கிடைத்ததும் அவற்றுள் பல நலிந்தன. தட்டுப்பாடு கொண்டுவந்த கூட்டம் தட்டுப்பாட்டோடு போய்விடும். ‘இது நம் கடை’ என்று வந்தவரே நிலைத்து நிற்பர்.

இன்று ரொக்கத்துக்கு மாற இயலாத குடும்பம் முதலில் உப்பு, புளி இரண்டையாவது ரொக்கத்துக்கு வாங்கத் தொடங்கட்டும். மிஞ்சியதைக் கொண்டு அடுத்த மாதம் பருப்பையும் சேர்த்துக் கொள்ளலாம். பற்று நோட்டில் ஒவ்வொரு வரியாகக் குறைந்துவந்தால், அறுவடை நாளில் களத்து நெல் வீட்டுக்கு வரும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய கேள்விகள்

1. உங்கள் வீட்டில் சென்ற மாதம் கடனுக்கு வாங்கிய சாமானின் ரொக்க விலை என்ன? கொடுத்த விலை என்ன?
2. ஒரு மாதச் சாமானுக்குச் சங்கத்தில் கடன் பெற்றால், அது எத்தனை மாதத்தில் தீரும்?
3. உங்கள் ஊரில் விளைந்தும் கடையிலிருந்து திரும்ப வாங்கப்படும் பொருள்கள் எவை?
4. முதல் கூட்டுக் கொள்முதலுக்கு ஏற்ற மூன்று பொருள்கள் எவை? மண்டிக்குச் செல்லத்தக்க இருவர் யாவர்?