லயத்துக்குள் ஒருவர், இஸ்தோப்பில் ஒருவர்

தோட்டப்புறத்தில் ஆய்வு செய்யப் புறப்படும் இளம் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, கணவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்பதுதான். ஆய்வுமுறை நூல்களில் இதற்குப் பதில் கிடைக்காது. தாராளமாகக் கூட்டிப் போங்கள் என்பேன். ஆனால் அங்கே அவருக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும். பை தூக்கவும் பஸ்ஸில் இடம் பிடிக்கவும் மட்டும் வருகிறவர் சில நாளிலேயே சலித்துப்போவார். அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நீங்களும் சீக்கிரம் எழுந்து வந்துவிடுவீர்கள்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பேராதனையில் தமிழ் படித்து, பிறகு தமிழே கற்பித்து, மலையகப் பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடித் திரிந்ததில் வயது போனது. கணவர் வடமராட்சிக்காரர், நில அளவையாளர். வேலை மாற்றலில் நுவரெலியாவுக்கு வந்த இடத்தில்தான் பழக்கம். கலியாணத்துக்குப் பிறகு எங்கள் விடுமுறைகளெல்லாம் கொட்டகலையிலும் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் கழிந்தன. நான் பாட்டைப் பதிவு செய்வேன். அவர் அந்தப் பாட்டில் வரும் தண்ணீர்ப் பீலியும் கோயிலும் கொழுந்து மடுவமும் எங்கே இருந்தன என்று அளந்து படம் வரைவார்.

ஏன் இருவர் வேண்டும்? முதல் காரணம் இடம். பழைய லயக் காம்பரா 10க்கு 12 அடி. சமைப்பது, படுப்பது, பிள்ளை படிப்பது எல்லாம் அதற்குள்தான். இரண்டு விருந்தாளிகள் உள்ளே போய் உட்கார்ந்தால் வீட்டுப் பிள்ளைகள் வெளியே தூற்றலில் நிற்க வேண்டும். அதனால் நான் உள்ளே அடுப்பங்கரையோரம் உட்காருவேன். அவர் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், இருந்துவிடுவார். வெளியே ஆம்பிளைகள் வந்து சேருவார்கள். உள்ளே பெண்கள். ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே சாவைப் பற்றியோ கலியாணத்தைப் பற்றியோ இரண்டு பேச்சு நடக்கும். இரண்டும் ஒன்றாக இருந்ததே இல்லை.

இரண்டாவது காரணம் எனக்கு நெடுநாள் கழித்துத்தான் முழுதாக விளங்கியது. நான் தோட்டத்துப் பிள்ளை. எதைக் கேட்டாலும், "ஒனக்குத் தெரியாததா தங்கச்சி?" என்று சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். கணவர் யாழ்ப்பாணத்தார். அரைப்பேர் என்றால் என்ன, கைக்காசு எப்படிக் கணக்கு, கவ்வாத்து மலையில் பெண்களுக்கு என்ன வேலை என்று எல்லாவற்றையும் அவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர்களும் சளைக்காமல் சொன்னார்கள். எனக்குக் கிடைக்காத விளக்கங்களில் பாதி அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. ஊர்க்காரரும் வெளியூர்க்காரருமாக ஒரு தம்பதி அமைந்தால் அதை ஆய்வுக்குக் கிடைத்த பேறு என்றே நான் சொல்வேன்.

காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி அமாவாசையை ஒட்டிக் கம்பம் நட்டு, நாள்கணக்கில் விரதமிருந்து, இறுதி இரவு மதனை எரித்து, பிறகு எழுப்புவது வரை ஆடுகிறவர்களும் தப்படிக்கிறவர்களும் ஆண்களே. ரதி வேடமும் ஆணுக்குத்தான். ஆகவே அதை எழுதியவர்களில் பலர் களத்தில் நின்று பார்த்ததையே எழுதினார்கள். நாங்கள் பிரிந்து நின்றோம். அவர் களத்தில் தப்பு மாறுகிற இடங்களைக் குறித்தார். நான் ரதி மதன் வீடு வீடாக வரும்போது வாசலில் தட்டோடு நிற்கும் பெண்களோடு இருந்தேன். வேடம் கட்டியவரின் மனைவி அத்தனை நாளும் எப்படிச் சமைக்கிறாள், யார் நேர்த்தி வைத்தார்கள், எந்தக் குழந்தைக்காக வைத்தார்கள் என்பதெல்லாம் அந்த வாசல்களில்தான் பேசப்படுகின்றன.

ஒப்பாரிக்குப் போகும்போது மட்டும் கணவரைக் கிட்டே வரவிடாதீர்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி சொன்னால் ஆகாது என்பது நம் பெண்களின் நம்பிக்கை. அதை மதிக்க வேண்டும். வீட்டுக்குள் பாடச் சொல்லிக் கேட்கவே கூடாது. லயத்தைத் தாண்டி, தேயிலை ஓரத்திலோ ஆற்றங்கரையிலோ உட்கார்ந்தால் தாங்களாகவே எடுப்பார்கள். அப்போது ஓர் ஆண் பக்கத்தில் இருந்தால் முதல் அடியோடு நின்றுவிடும். பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டைக் கேட்காதீர்கள். அழுது முடிக்கட்டும். வெற்றிலை போடட்டும். அன்றைக்கு ஒரு பாட்டே போதும் என்று திரும்பிவர மனம் வேண்டும். தாயையோ பிள்ளையையோ நினைத்து ஒருத்தி அழுததைத்தான் நாம் பதிவு செய்துகொண்டு போகிறோம்.

நேரமும் பார்க்க வேண்டும். மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிற பெண்ணிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். சொன்ன கிலோ குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். உங்கள் கேள்விக்கு அவள் கூலியைக் கொடுத்ததாகிவிடும். மாலையில் வேலை விட்டு, விறகும் தண்ணீரும் வீடு சேர்ந்த பிறகு போங்கள். போகிறபோது தேத்தண்ணிக்குச் சீனியும் பிள்ளைகளுக்கு ஏதாவதும் கொண்டுபோங்கள். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் அவசியம் வாங்க வேண்டும். ஆனால் தொரையின் வண்டியில் லயத்துக்குப் போய் இறங்காதீர்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியரோடோ கோயில் கமிட்டிக்காரரோடோ நடந்து போங்கள்.

வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைப்பதே குற்றமாயிருந்த காலமும் இருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத்தான் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை அறிந்தார். அவர் பத்திரிகை நடத்தினார், தொழிற்சங்கம் கட்டினார், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாடல் எழுதினார், கூட்டங்களில் முதலில் எழுந்து பாடினார். கூடுகிற சனம் பாட்டுக்குத்தான் கூடும். கூடிய பிறகு பேச்சைக் கேட்கும். அவருடைய பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. நடேசய்யரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த அம்மாளுக்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குத் தாங்குவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் அந்த அரசியலைக் கொண்டுபோனது பாட்டல்லவா?

இன்னொரு தம்பதியையும் நினைக்கிறேன். ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போனவரின் கண் கொல்லர், தச்சர், நெசவாளர், ஓவியர் பக்கம் திரும்பியது. 1902இல் அவரை மணந்த எதெல் கூடவே போனார். நிழற்படம் எடுத்தார், குறிப்பு எழுதினார். 1908இல் வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் எதெல் எடுத்த படங்கள் பல உண்டு. அந்த நூலை இங்கிலாந்தில் தங்கள் வீட்டோடு சேர்ந்த அச்சகத்தில், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலேயே அச்சிட்டார்கள். முகப்பில் கணவர் பெயர் மட்டுமே. அந்தத் திருமணம் நீடிக்கவில்லை. எதெல் பிறகு எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைத்தறி நெசவில் முன்னோடியானார். 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றித் தம் பெயரிலேயே நூல் எழுதினார். கண்டி நாட்டுத் தறிகளின் அருகே கமராவோடு நின்ற நாட்களுக்கும் அவர் பின்னாளில் நெய்த தறிக்கும் தொடர்பு இருக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகவே இளம் தம்பதிகளுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: யார் என்ன செய்தார்கள் என்பதை அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். எங்களுக்கு இரண்டு குறிப்பேடுகள். இரவு தங்குமிடத்துக்குத் திரும்பியதும் பேசிக்கொள்ள மாட்டோம். முதலில் அவரவர் எழுதி முடிக்க வேண்டும். பேசிவிட்டு எழுதினால் ஒருவருடைய ஞாபகம் மற்றவருடையதை விழுங்கிவிடும். எழுதி முடித்த பிறகு, "இஞ்சேரும், அந்த மனிசி தாலியை வித்தது எந்த வருஷம் எண்டு சொன்னவ?" என்று அவர் தொடங்குவார். அந்தப் பேச்சு அடுப்பு அணைந்த பிறகும் போகும். வேறுபடுகிற இடங்களில் யார் சொன்னது சரி என்று தீர்க்க முயலாமல் இரண்டையும் வைத்துக்கொண்டோம். மறுநாள் கேட்கவேண்டிய கேள்வி பெரும்பாலும் அங்கேயிருந்துதான் பிறந்தது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வு நிதி தருகிறவர்கள் வாழ்க்கைத்துணைக்குப் பஸ் காசுகூடத் தருவதில்லை. விண்ணப்பிக்கும்போதே வரைபடக்காரர், படப்பிடிப்பாளர் என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் வீட்டுச் செலவில் அதற்கென ஒரு பகுதியை இருவரும் பேசி ஒதுக்குங்கள். பேசாமல் செலவழித்தால் அது பின்னால் வேறு சண்டையாக வரும்.

எங்கள் வேலையில் என் கணவரின் பங்கு மிகப் பெரிதாக இருந்தது காகிதங்களில். எந்த லயத்திலும் ஒரு டிரங்குப்பெட்டி இருக்கும். அதில் பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைக் கடிதம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமை கேட்டவர்கள் 1946 தொடங்குவதற்கு முன் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. கலியாணமானவருக்கு 7 ஆண்டு, ஆகாதவருக்கு 10 ஆண்டு. ஒரு கலியாணப் பத்திரத்தின் பெறுமதி அப்படி. அதனால்தான் கறையான் அரித்த துண்டையும் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதை இரவல் கேட்காதீர்கள், ஒரு நாளைக்குக்கூட வேண்டாம். இஸ்தோப்பு வெளிச்சத்தில், வீட்டுக்காரர் கையில் இருக்கும்போதே படமெடுத்து அங்கேயே திருப்பி வைக்கச் செய்யுங்கள். கணவர் ஒவ்வொரு படத்தையும் வீட்டுக்காரரிடம் காட்டி, எதை வெளியிடலாம் எதை வேண்டாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்.

தமிழ்நாட்டில் நீலகிரிக்கும் போனோம். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். அட்டன் ஸ்டேசனிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை அழுகைக் கோச்சி என்றே சொன்னார்கள். போனவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் மறுபடி தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காக அரசு திறந்த தோட்டங்கள் பின்பு டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனமாயின. கூடலூரில் ஒரு வீட்டில் கணவர் தம் வரைபடத்தை விரித்தார். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் படம். ஒரு வயதான அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, லய வரிசையில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். "இதுதாங்க எங்க காம்பரா. பீலி இங்கிட்டு இல்ல, மேல. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால." நாங்கள் படத்தில் போட்டிருந்த பீலி பின்னாளில் கட்டியது. அந்தப் படத்தில் விடுபட்டிருந்த பாதையையும் பிள்ளைக் காம்பராவையும் அந்த வீட்டில் கூடியவர்கள்தான் நிரப்பினார்கள். பிறகு நான் கொட்டகலையில் பதிவு செய்த தாலாட்டைப் போட்டேன். அதன் மீதி நான்கு அடி அவர்களிடம் இருந்தது.

பயணத்துக்குச் சில குறிப்புகள். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். வார இறுதியில் அட்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் கால்வைக்க இடமிராது, வார நாளில் போங்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன்; அறை வாடகை ஏறிவிடும், அட்டனிலோ தலவாக்கலையிலோ தங்குவது நல்லது. ஜூன், ஜூலை மழையில் படிக்கட்டுகள் வழுக்கும், அட்டை ஏறும். ஆனால் அந்த மாதங்களில் வீட்டுக்குள் இருந்து பேச நேரம் கிடைக்கும். முதுகுப்பை ஆளுக்கொன்று, பதிவுக்கருவி இருவரிடமும் ஒன்று. ஒன்று நனைந்தால் மற்றது இருக்க வேண்டும்.

பதிவுகளுக்குப் பெயரிடும்போது பாடியவர் பெயர் முதலில், அவர் விரும்பினால். பிறகு கேட்டவர், பதிவு செய்தவர், வரைந்தவர். ஒரு பிரதி பாடியவர் வீட்டுக்கு, ஒன்று தோட்டப் பாடசாலைக்கு. பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுப்பதோடு, 'நூலகம்' என்ற பெயரில் இயங்குவது போன்ற இணைய ஆவணகத்துக்கும் கொடுங்கள். கூடலூரில் இருக்கும் பேரப்பிள்ளை கொழும்புக்கு வந்து கேட்க முடியாது.

வருகிற மாசிக்கு என்னிடம் படித்த ஒரு பெண்ணும் அவள் கணவரும் எங்களோடு வருகிறார்கள். அவர் கணக்கு வாத்தியார். நாடா பிடித்து லயம் அளக்க என் கணவர் சொல்லித் தருவார். கம்பம் நடுவதற்குச் சில நாள் முன்பே வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு எந்த வேடம், யார் வீட்டு நேர்த்தி என்ற பேச்சு அதற்கு முன்பே நடந்துவிடும்.