நாலு ரேமும் ஒரு கல்யாண ஆல்பமும்

தாலி கட்டுகிற படம். மாப்பிள்ளையின் கை வரைக்கும் சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல். இன்னொரு படத்தில் பெண்ணின் அம்மா முகம் மூக்கு வரை இயல்பான நிறத்தில் இருந்தது. மூக்குக்குக் கீழே கத்தரிப்பூ நிறமாகி இடப்பக்கம் தள்ளி நின்றது. காணிப்பாக்கத்தில் 2022 மே மாதம் நடந்த கல்யாணம் அது. 3,140 படங்களில் 23 கெட்டிருந்தன. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் வைத்திருந்தேன். இரண்டிலும் அதே 23, அதே இடத்தில் கெட்டிருந்தன. கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அதற்குள் ஃபார்மட் செய்திருந்தேன்.

பெண்ணின் அப்பா வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "மிச்ச படமெல்லாம் நல்லா இருக்குது தம்பி. அந்த ஒண்ணு எங்கப்பா?" என்று மட்டும் கேட்டார். வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்துப் பெரிதாக்கி ஆல்பத்தில் வைத்தேன். வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், நான்தான் விடவில்லை.

பாகாலாவில் வீட்டு மாடியில் ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் செய்கிறேன். ரைசன் 5 3600 பிராசஸர், பி450 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு என்று 2020 தொடக்கத்தில் நானே மாட்டிய கம்ப்யூட்டர். அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. கல்யாணம் இல்லை, வேலை இல்லை. பிராசஸரின் வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக்கிங் கற்றுக்கொண்டது அப்போதுதான். கம்பெனி குறித்த வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் ஆனால் 4.2. ஆனால் ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது என் கம்ப்யூட்டர் 4 பக்கத்திலேயே நின்றது. ஆறையும் 4.2-இல் பூட்டினேன். வோல்டேஜ் 1.3-க்குக் கீழே. பெரிய கூலர் வாங்கிப் போட்டேன். இரண்டு மணி நேர கல்யாண வீடியோவை ஏற்றுமதி செய்கையில் சில நிமிடம் மிச்சமானது. சில நிமிடத்துக்காகவா என்று கேட்பவர்கள், முகூர்த்த மாதத்தில் வரிசையாக ஏழு வீடியோ காத்திருக்கும்போது என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்தப் படங்கள் கெட்டதும் திருப்பதியில் எங்கள் தொழில்காரர் ஒருவர் "ஓவர்கிளாக் செய்தவனுக்கு இதுதான் கதி" என்று நாலு பேரிடம் சொன்னார். அவருக்குப் பதில் சொல்லவும்தான் இதை எழுதுகிறேன். பிராசஸரை வேகப்படுத்தியது ஒரு பிட்டைக்கூடக் கெடுக்கவில்லை. 1998-இல் வந்த செலரான் 300ஏ சிப்பை, பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றி 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450-க்குக் கொண்டுபோய் உலகம் முழுக்க வருடக்கணக்கில் ஓட்டினார்கள். ஒழுங்காகச் சோதித்துச் செய்தால் இது கெட்ட காரியம் அல்ல. நான் ஒழுங்காகச் சோதிக்காதது வேறு இடத்தில்.

2021 ஜனவரியில் 16 ஜிபி போதவில்லை. சென்னை போனபோது ஒரு கடையில் இன்னொரு ஜோடி கேட்டேன். "அதே கம்பெனி, அதே ஸ்பீடு சார், கண்ணை மூடிட்டு மாட்டுங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினேன். பெட்டியில் பெயரும் வேகமும் ஒன்றாக இருக்கலாம். உள்ளே இருக்கும் சிப் வேறு தொழிற்சாலையின் வேறு ரகமாக இருக்கலாம். ஒரே பெட்டியில் வரும் ஜோடியைத்தான் சேர்த்துச் சோதித்து விற்கிறார்கள். இது அந்தக் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. என் பிராசஸருக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் கணக்குப்படி, ஒற்றை ரேங்க் ரேம் இரண்டு இருந்தால் 3200 வரை உத்தரவாதம். நாலு ஸ்லாட்டும் நிரம்பினால் 2933 வரைதான். நானோ நாலையும் மாட்டி, ரேம் பெட்டியில் குறித்த வேகத்துக்கான எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் போட்டு, அதற்கு மேல் 3600-க்குத் தள்ளினேன். பாதி வேகமான 1800-இல் பிராசஸரின் உள் பாகங்களை இணைக்கும் ஃபேப்ரிக்கும் சேர்ந்து ஓடும், வேலை விறுவிறுப்பாகும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான், ரேம் தாங்கினால்.

தாங்குகிறதா என்று பார்த்தேனே! பிரைம்95-ஐ மார்கழி ராத்திரியில் 12 மணி நேரம் ஓட்டினேன். ஒரு பிழை இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். நான் ஓட்டியது அதில் இருக்கும் சின்ன எஃப்எஃப்டி சோதனை. அந்தக் கணக்கு முழுவதும் பிராசஸரின் கேஷிலேயே அடங்கிவிடும். ரேமை அது தொடுவதே இல்லை என்று சொல்லலாம். பிராசஸருக்குச் சூடு ஏற்றிப் பார்க்க அருமையான சோதனை. ரேமைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. எனக்கு அதிகம் செலவு வைத்த தவறு இதுதான். கம்ப்யூட்டர் விழாமல் நிற்கிறது என்றால் சரியாகக் கணக்குப் போடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். 16 மாதம் அப்படியே ஓட்டினேன்.

2022 ஏப்ரலில் எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. வெயில் பழைய வெயில்தான். என் அறைக்கு மேலே சிமென்ட் ஷீட். மத்தியானம் மூன்று மணிக்கு நீலத்திரை வரத் தொடங்கியது. ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட் என்று போட்டது, மறுநாள் பேஜ் ஃபால்ட், அதற்கடுத்த நாள் வேறு ஏதோ. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் சொல்லி விழுகிற கம்ப்யூட்டரில் முதலில் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த 23 படங்கள் இருந்திருக்கும்.

சொன்னவர்கள் சொன்னது வேறு. என் மச்சான் எலக்ட்ரீஷியன். "கரண்ட் சரியில்ல மாமா, தாமலசெருவு பக்கம் மாந்தோப்பு மோட்டார் எல்லாம் ஒரே நேரத்துல ஓடுது, வோல்டேஜ் எங்க நிக்கும்? ஸ்டெபிலைசர் வாங்கிடுங்க" என்றான். வாங்கினேன். கோடையில் வோல்டேஜ் இறங்குவது நிஜம். ஆனால் என் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் லேபிளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கிறது. 180-க்கு அது அசையாது. உங்கள் பெட்டியில் 200 முதல் 240 என்று போட்டிருந்தால் மச்சான் சொல்வதைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

பிறகு ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 என்று சிவப்பில் இருந்ததைப் பார்த்து எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றினேன். இந்த 41 எத்தனை பேர் பணத்தைத் தின்றிருக்கிறது! முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. எதனால் நின்றது என்பது அதற்குத் தெரியாது. பார்க்க வேண்டியது டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் வரும் பதிவுகளை. என்னிடம் 19 என்ற எண்ணில் அவை வாரக்கணக்காகக் குவிந்திருந்தன. ஹார்டுவேர் தவறு செய்தது, தானே திருத்திக்கொண்டது என்று அர்த்தம். சிவப்பில் வராமல் மஞ்சளில் வந்ததால் நான் மதிக்கவில்லை.

விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். மூன்று முறை. இரண்டாவது முறை பாதியிலேயே கோப்பு கெட்டிருக்கிறது என்று சொல்லி நின்றது. பென்டிரைவ் கெட்டது என்று நினைத்து வேறு பென்டிரைவ் வாங்கினேன். அப்போதும் ரேம் ஞாபகம் வரவில்லை.

காணிப்பாக்கம் படங்களை இந்த நாட்களில்தான் காப்பி செய்தேன். கார்டிலிருந்து வரும் ஒவ்வொரு படமும் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் சின்ன மின்தேக்கி. அது ஒழுகிக்கொண்டே இருப்பதால் 64 மில்லிநொடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. சூடு ஏறினால் ஒழுகல் கூடும். அந்தச் சமயத்தில் ஒரே ஒரு பிட் புரண்டால் டிஸ்க் அதையும் உண்மை என்று நம்பி பத்திரமாக எழுதிக்கொள்ளும். ஜேபெக் படம் சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி பிசகினால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் தவறாகப் படிக்கப்படும். தாலிக்குக் கீழே சாம்பல் ஆனது அப்படித்தான். சர்வர்களில் போடும் இசிசி ரேமில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து இப்படிப்பட்ட ஒற்றைப் பிழையைத் திருத்திவிடுவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது இருப்பது அபூர்வம்.

லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022 அக்டோபரில் இது நடந்தது. கர்னல் தொகுக்கையில் விநோதமான தவறுகள் வர, புதிய கோடில் பிழை என்று தேடியிருக்கிறார். கடைசியில் அவருடைய மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு ரேம் கெட்டிருந்தது. வாங்கும்போது இசிசி கிடைக்காமல் சாதாரண ரேம் போட்டிருந்தார். அதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நான் கடைசியில் கண்டுபிடித்த விதம் எளிது. பயாஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோனேன். மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்தேன். பழைய ஜோடி மட்டும் 3600-இல்: சுத்தம். புது ஜோடி மட்டும்: சுத்தம். நாலும் சேர்ந்து 3600-இல்: முதல் சுற்றிலேயே சிவப்பு வரிகள். 3200-க்கு இறக்கினால் ராத்திரியில் பிழை இல்லை, மத்தியானத்தில் வந்தது. 2933-இல் மத்தியானமும் வரவில்லை. ஏஎம்டி எழுதிவைத்த அதே எண்! மூன்று நாள் வேலை. நான்கு மாதம் அலைந்ததற்கு முன்னால் இந்த மூன்று நாளைக் கொடுத்திருக்கலாம்.

ஆகவே ஓவர்கிளாக் செய்கிறவர்கள் ரேமில் கைவைத்த நாளிலேயே மெம்டெஸ்ட்86-இல் நாலு சுற்று ஓட்டுங்கள். பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 ஓட்டுங்கள், கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஒரு வேலை கொடுத்துக்கொண்டே. கார்டு கக்கும் சூடுதான் ரேமைக் கலங்கடிக்கும். முக்கியமாக, சித்திரை வெயிலில் மத்தியானம் சோதியுங்கள், ஏசி போடாமல். உங்கள் அறையும் ஷீட் போட்ட அறையாகத்தான் இருக்கும். பிராசஸரையும் ரேமையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, சோதித்து, நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பூட் ஆகாமல் போனால் பயப்பட ஒன்றுமில்லை, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டினால் பயாஸ் பழையபடி வந்துவிடும்.

போட்டோகிராஃபர்களுக்குத் தனியாக ஒன்று. காப்பி முடிந்ததும் டெராகாப்பியில் சரிபார்க்கிறேன் என்று சொல்பவர்கள் பலர். உடனே சரிபார்த்தால் கம்ப்யூட்டர் டிஸ்க்கைத் தொடாமல், ரேமில் இருக்கும் நகலையே திரும்பப் படித்துச் சரி என்று சொல்லிவிடலாம். கெட்ட நகல் கெட்ட நகலோடு பொருந்தத்தானே செய்யும். கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, கார்டைத் திரும்பச் செருகி, 7-ஜிப்பில் இரண்டு பக்கத்துக்கும் ஷா-256 எண் எடுத்து ஒப்பிடுங்கள். ஆல்பம் வீட்டுக்குப் போகும் வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். தொலைந்த ஒரு தாலிப் படத்துக்கு முன்னால் கார்டு விலை ஒன்றுமே இல்லை.

அந்த நாலு ரேமையும் கழற்றிவிட்டேன். ஒரே பெட்டியில் வந்த 16 ஜிபி ஜோடி ஒன்று வாங்கினேன். 3600-இல்தான் ஓட்டுகிறேன். பிராசஸர் இன்றும் அதே 4.2-இல்தான் இருக்கிறது, சோதித்த அந்த மூன்று நாளைத் தவிர ஒரு நாளும் இறக்கவில்லை. திருப்பதி நண்பர் விரும்பினால் மே மாத மத்தியானத்தில் வந்து டெஸ்ட்மெம்5 ஓடுவதைப் பார்க்கலாம்.

அந்த 23 படங்களை அழிக்கவில்லை. தனி ஃபோல்டரில் இருக்கின்றன. ரேமில் எதையாவது மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அந்தத் தாலிப் படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மெம்டெஸ்ட் பென்டிரைவைச் செருகுகிறேன்.