கடைசிப் பெட்டியை எடைபோடுவோம்

அமெரிக்கச் சரக்கு இரயில்களின் வாலில் ஒரு காலத்தில் 'கபூஸ்' என்னும் சிறு வண்டி போகும். நம் கார்டு வண்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணியாளர்கள் அதன் கூரைமேல் எழும்பி நிற்கும் கண்ணாடி மாடத்தில் உட்கார்ந்து, முன்னே போகும் பெட்டிகளில் எங்காவது அச்சு சூடேறிப் புகைகிறதா என்று கவனிப்பார்கள். 1980-களில் தண்டவாள ஓரத்து வெப்பம் காணும் கருவிகளும், கடைசிப் பெட்டியில் மாட்டும் மின்னணுக் கருவியும் அவ்வேலையை ஏற்றுக்கொண்டன. கபூஸ் மெல்ல மறைந்தது. மாதிரி இரயில் ஓட்டுபவர்களின் மேசையில் அது இன்னும் ஓடுகிறது.

அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தாலே ஓடும் என்று விற்கப்படும் ஒரு கபூஸ் உங்கள் கையில் இருப்பதாகக் கொள்வோம். விலை கொஞ்சமல்ல. சிவப்பு வண்ணம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அது நல்ல மாதிரிதானா? வண்ணத்தை மறந்துவிட்டு அளவுகோலையும் தராசையும் எடுங்கள்.

'எச்.ஓ.' என்னும் அளவில் எல்லாம் 87-இல் ஒரு பங்கு. உண்மைப் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர்; மாதிரியில் 16.5. உண்மைச் சக்கரத்தின் விட்டம் 838 மில்லிமீட்டர், மாதிரியில் 9.6 இருக்க வேண்டும். அடுத்து, படியருகே உள்ள கைப்பிடிக் கம்பியைப் பாருங்கள். அது அரை மில்லிமீட்டர் பருமன் என்றால் 87-ஆல் பெருக்குங்கள். நாலு சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது! ஓடும் வண்டியில் தாவி ஏறுபவர் மூங்கில் கழியையா பிடிப்பார்? மெல்லிய உலோகக் கம்பி பொருத்தியிருந்தால் செய்தவர் அக்கறைக்காரர்.

இனி எடை. இங்கேதான் வேடிக்கை. உண்மைக் கபூஸின் எடை 20 டன் என்று கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைவதால் எடை 87×87×87, அதாவது 6,58,503 மடங்கு குறைய வேண்டும். விடை வெறும் 30 கிராம். ஆனால் 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய மாதிரி இரயில் சங்கம் பரிந்துரைப்பது வேறு: அடிப்படையாக ஓர் அவுன்ஸ், பிறகு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 5 அங்குலக் கபூஸுக்கு மூன்றரை அவுன்ஸ், சுமார் 99 கிராம். ஏன் மூன்று மடங்குக்கு மேல்? தண்டவாள இணைப்பில் அரை மில்லிமீட்டர் மேடு இருந்தாலும் மாதிரி வண்டிக்கு அது நாலு சென்டிமீட்டர் மேடு. பாதையின் குறைகள் 87 மடங்கு சுருங்குவதில்லை. ஆகவே இலேசான வண்டி துள்ளிவிடும். மிகக் கனமாக்கினாலோ ஏற்றத்தில் என்ஜின் திணறும்.

ஒரு மீட்டர் நீளப் பலகையில் நேரான தண்டவாளத்தைப் பொருத்தி, ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். விரலால் மெல்லத் தட்டிவிட்ட வண்டி வேகம் கூடாமலும் குறையாமலும் உருளும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2 சென்டிமீட்டர் என்றால், உருள்வதற்கு உள்ள தடை எடையில் 50-இல் ஒரு பங்கு. உள்ளே விளக்கு எரியும் கபூஸில் இது சற்றுக் கூடும். மின்சாரம் எடுக்கும் உலோகத் தகடுகள் அச்சை உரசுகின்றன அல்லவா? விளக்குக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கடைசிச் சோதனையைப் பலர் செய்வதில்லை. இரயிலைப் பின்னோக்கித் தள்ளுங்கள். முன்னே போகும்போது கபூஸுக்குப் பின்னால் இழுக்க யாருமில்லை; அதனால் அதன் குறைகள் தெரியா. தள்ளும்போதோ இணைப்புக் கொக்கி வழியாகத் தள்ளுவிசை அதன்மேல் பாய்கிறது. கொக்கி தண்டவாளத்துக்கு மேல் சுமார் 10 மில்லிமீட்டரில் நில்லாமல் தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால், வளைவில் அல்லது பாதை பிரியுமிடத்தில் வண்டி தடம்புரளும். கடைக்காரர் இந்த ஒரு சோதனைக்கு இடங்கொடுக்காவிட்டால் நான் பணப்பையைத் திறக்கமாட்டேன்.